கிரேன்காரரின் வலது காது

கிரேன் ஓட்டுபவருக்குக் கண்ணைப் போலவே காதும் வேண்டும். கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில் "நிறுத்து" என்றால் அந்தக் கணமே கை நிற்க வேண்டும். அன்று காலை அந்தச் சொல் அவர் காதில் விழவே இல்லை. வாக்கி-டாக்கியை ஒட்டிப் பிடிக்கும் வலது காது பஞ்சு வைத்து அடைத்தாற்போல் இருந்தது. கிரேனில் தொங்கிய கம்பிக் கட்டு ஒரு கொத்தனாரின் தலையை உரசாத குறையாகப் போனது.

மேஸ்திரி அவரைக் கீழே இறக்கிவிட்டார். "காதைச் சரி பண்ணிட்டு வா. அதுவரைக்கும் மேல ஏறாதே."

வீட்டுக்கு வந்தவர் காதைக் கழுவ ஊசியில்லாத சிரிஞ்சில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து ஓடிவந்தாள். தன் அப்பாவுக்கு நர்ஸ் காது கழுவியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்.

"பச்சைத் தண்ணியா? தலை சுத்திக் கீழ விழவா? உடம்புச் சூடு இருக்கணும். வேகமா அடிக்கவும் கூடாது."

தண்ணீரை வெதுவெதுப்பாக்கி மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். அவர் தோளில் துண்டைப் போட்டாள். காதுக்குக் கீழே கிண்ணத்தைப் பிடிக்கச் சொன்னாள்.

"முன்ன எப்பவாவது சீழ் வந்திருக்கா? சவ்வுல ஓட்டைன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

காது மடலை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தாள். சிரிஞ்சின் முனை காதோரம் வந்தது. சட்டென்று அவள் கையைப் பிடித்தார். கிண்ணம் உருண்டு ஓடியது.

"இரு, இரு! சின்ன வயசுல சீழ் வடிஞ்சுக்கிட்டே இருக்கும். ஓட்டைன்னு டாக்டர் சொன்னார். வெளிய தெரிஞ்சா கிரேன்ல ஏத்த மாட்டாங்கன்னுதான்..."

அவள் முகம் வெளிறிப்போனது. "எங்கிட்டயுமா மறைப்பீங்க? தண்ணி உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

சட்டையைக்கூட மாற்றவிடாமல் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். காது டாக்டர் விளக்கைக் காட்டிப் பார்த்தார். அழுக்கு கல்லாக இறுகிக் கிடந்தது.

"ஓட்டை இருந்த காதுன்னா தண்ணி விடவே கூடாது," என்றவர், உறிஞ்சும் குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். கரகரவென்ற சத்தம் மண்டைக்குள் ஓடியது. கிரேன்காரர் நாற்காலிக் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

கடைசியில் டாக்டர் நிமிர்ந்தார். "ஓட்டை இன்னும் இருக்கு. சின்னதுதான். கேட்கும் திறனை டெஸ்ட் பண்ணாம கிரேன்ல ஏறாதீங்க."

மறுநாள் அவர் முதலில் அந்தக் கொத்தனாரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மேஸ்திரியிடம் ஓட்டையையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார்.

"டெஸ்ட் முடியட்டும். அதுவரைக்கும் ஸ்டோர்ல நில்லு," என்றார் மேஸ்திரி.