சிவப்புப் புள்ளி வைத்த பல்

பேய், பிசாசு, காத்துக்கருப்பு எதையும் நம்புகிற ஆள் நானில்லை. ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், கேஜ் வைத்து அளந்து பார்க்காமல் எதையும் சரி என்று சொன்னதில்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. கீழே விழுந்த பாகம் நல்லதோ கெட்டதோ, எடுத்தவர் பெயிண்ட் மார்க்கரால் சிவப்புப் புள்ளி வைத்து ரிஜெக்‌ஷன் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அன்று மத்தியானம் மெஷினின் கைப்பிடி ஒன்று தெறித்து செல்வியின் வாயில் அடித்தது. செல்வி சாத்தூர்ப் பக்கத்துப் பெண், எங்கள் லைன் ஆபரேட்டர், அடுத்த வாரம் அவளுக்கு நிச்சயதார்த்தம். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு போய்விட்டது. தேடினால் பல்லைக் காணோம். கடைசியில் ரிஜெக்‌ஷன் பெட்டியில் கிடந்தது, சிவப்புப் புள்ளியோடு. பக்கத்து மேஜை முருகேசன், கையில் எடுத்தது என்னவென்றுகூடப் பார்க்காமல் கை பாட்டுக்கு வேலையைச் செய்திருக்கிறான். "சத்தியமா பல்லுன்னு தெரியல சார்" என்று அழாத குறையாக நின்றான். திட்ட நேரமில்லை.

பல் டாக்டருக்குப் போன் செய்தேன். "வேரைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க. பால்ல போட்டு எடுத்துட்டு வாங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள வந்தா திரும்ப வெச்சுடலாம்" என்றார். கேன்டீனில் பால் பவுடர்தான் இருந்தது. வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று பல்லைக் கைக்குட்டையில் வைத்துக் கையை மூடிக்கொண்டு கம்பெனி வண்டியில் கிளம்பினோம். கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் லாரிகள் நடுவே மாட்டிக்கொண்டோம். அங்குலம் நகரவில்லை.

"பல்லு இல்லாம எப்படி சார் அவங்க முன்னாடி போயி நிப்பேன்" என்று செல்வி வாயில் பஞ்சோடு அழுதாள்.

அப்போது சாலையோர டீக்கடையிலிருந்து ஒரு அம்மா, முந்தானையால் வாயை மூடியபடி நேராக எங்கள் வண்டிக்கு வந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர், அதில் ஆறிய பால். "கையில பல்லுதானே வெச்சிருக்க? இதுல போடுப்பா. ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்றாள் கன்னடம் கலந்து. நம்பினால் நம்புங்கள், அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டேன். வண்டியும் நகர்ந்தது.

கிளினிக்கில் டாக்டர் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். "என்ன சார், ரெண்டு பல்லு இருக்கு?"

நான் போட்டது ஒன்றுதான். செல்விக்குப் போனதும் ஒன்றுதான். ஒரு பல்லை வைத்துப் பார்த்தார், உட்காரவில்லை. இன்னொன்று அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி கட்டிவிட்டார். செல்வி கண்ணாடியைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் டம்ளருக்குள் பார்த்தேன். மிஞ்சிக் கிடந்த பல்லில்தான் சிவப்புப் புள்ளி இருந்தது.

டாக்டரிடம் காட்டினேன். "பொருந்துனதுதான் சார் அவங்க பல்லு. பெயிண்ட்டைப் பார்த்தா வைத்தியம் பண்றது?" என்றார்.

மறுநாள் அந்தப் பல்லோடு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மா முந்தானையை விலக்காமலே வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஒட்டிக்கிச்சா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். வேறு எதுவும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது, பல்லும் உறுதியாகப் பிடித்துவிட்டது. சில மாதம் கழித்து அதே கடையில் டீ குடிக்க நின்றேன். அந்த அம்மா முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு லாரி டிரைவரோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசை முன்பல்லில் சிவப்புப் புள்ளி. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

செல்வியிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவள் சிரிக்கும்போது துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொள்கிறாள். முன்பு அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பல்தான் நன்றாக இருக்கிறதே, ஏன் மூடுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியல சார், கை பாட்டுக்குப் போகுது" என்றாள்.