காய்ச்சல் இல்லாத நாள்

போடியில பொழுது விடியுறதுக்கு முன்னாடியே ஜீப்பு வந்து ஆரன் அடிச்சிடும். பொற்கொடி ஏறிட்டான்னா அப்புறம் மலைமேலதான். கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்துல நாளெல்லாம் குனிஞ்சு காய் எடுத்து, இடுப்பொடிய வீடு வந்து சேர இருட்டிடும். மூணு வயசு மக மகாராணிக்குப் பகல்ல பால்வாடி, மத்த நேரம் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய். புருஷன் திருப்பூர்ல. எப்பவாவது வந்து, பிள்ளைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்து, நல்ல அப்பான்னு பேரெடுத்துட்டுப் போற மகராசன்!

காய் சீசன்ல ஞாயிறு, திங்களெல்லாம் கிடையாது. லீவுன்னா கங்காணி ராக்கையா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். "பிள்ளைக்குக் காச்சல்ணே"ன்னு சொன்னாத்தான் கொஞ்சம் இளகுவார்.

அன்னைக்கு ஜீப்பு போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டல. கேரளாவுல ஹர்த்தாலாம், வண்டியைத் திருப்பச் சொல்லிட்டாங்க. கூலி போச்சேன்னு எல்லாரும் புலம்புனாங்க. பொற்கொடிக்கு மட்டும் அழறதா சிரிக்கிறதான்னு தெரியல. பிள்ளைகூட முழுசா ஒரு பகல்! பஸ் ஸ்டாண்டுல இறங்கி, தேங்கா பன்னு ஒண்ணு வாங்கிக்கிட்டு வெரசாப் பால்வாடிக்குப் போனா.

அம்மாவைப் பார்த்ததும் பிள்ளை ஓடிவரும்னுதானே நினைப்போம்? மகாராணி ஓடினா, டீச்சர் சேலைக்குப் பின்னாடி.

"எனக்குக் காச்சல் இல்ல! ஊசி வேணாம்!"னு வீல்னு கத்துனா.

டீச்சர் சிரிச்சுட்டாங்க. யோசிச்சுப் பார்த்தா, பகல்ல பொற்கொடி அந்த வாசலுக்கு வந்ததெல்லாம் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகத்தான். கூட்டிட்டுப் போறதா, அழ வைக்காம விட்டுட்டுப் போறதா? பன்னைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சா. கடைசியில அதைக் காட்டித்தான் வெளிய கொண்டாந்தா.

வீட்டுல சோறு ஊட்டி, தலை பின்னிவிட்டு, கூடவே உருண்டு விளையாண்டதும் பிள்ளைக்குச் சந்தேகம் தீர்ந்துபோச்சு. மடியில ஏறிக்கிட்டா.

"நாளைக்கும் இருப்பியா?"

"நாளைக்கு ஜீப்பு வந்துரும் ஆத்தா. அம்மா சோலிக்குப் போகணும்ல?"

போகலைன்னா அடுப்பு எப்படி எரியும்? போனா இந்தப் பிள்ளை... மகாராணி அம்மா கையை எடுத்துத் தன் நெத்தியில வச்சு அழுத்திக்கிட்டா.

"நாளைக்குக் கொஞ்சமாச் சுடும்மா. ஊசி போட்டா அழ மாட்டேன்."