கள்ளுக்கடைக்கு எதிரே ஒரு சாட்சி

போன சனிக்கிழமை சாயங்காலம் ஞானமுத்து வரவில்லை.

யார் ஞானமுத்து? போன மாதம் இதே பத்தியில் எழுதினேனே — யுத்தத்தில் பர்மா எல்லையில் லாரி ஓட்டியவன், திரும்பி வந்து குடியில் விழுந்தவன், இப்போது கள்ளுக்கடைக்கு எதிரிலேயே நின்று, குடியை விட்ட கதையைச் சாட்சியாகச் சொல்கிறவன்... அவன்தான். ஞானமுத்து என்பது அவன் பெயர் அல்ல. போன தடவை சொந்தப் பெயரையே போட்டுவிட்டேன். இனி மாற்றி என்ன பிரயோஜனம்? இருந்தாலும் மாற்றியிருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். இப்போது ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை. பட்டாளத்தில் கற்றுக்கொண்ட குடியை ஊருக்கும் கொண்டுவந்தான். மனைவி அன்னம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சுந்தரபாண்டியத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு ஒரு ஜெபக் கூட்டத்தில் அழுதான், விட்டான். அன்னம் திரும்பி வந்தாள் — ஒரு நிபந்தனையோடு. இன்னொரு முறை அவன் மேல் அந்த வாடை வந்தால் அவள் போவாள். அப்புறம் வரமாட்டாள்.

விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது.

சனிக்கிழமைதோறும் நாங்கள் ராஜபாளையம் போய்த் தெருப்பிரசங்கம் செய்வது வழக்கம். எங்கள் சபை உபதேசியார் பிரசங்கம் செய்வார், நான் ஹார்மோனியம் வாசிப்பேன். ஹார்மோனியத்தை பஸ்ஸின் மேலே ஏற்றி, கட்டி, இறக்கி... அதற்கே பாதி பக்தி செலவாகிவிடும். சந்தை முனையில் நின்று பாடினால் நாலு பேர் நிற்பார்கள், அதில் இரண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். "சாத்தானுடைய கோட்டை வாசலுக்கே போவோம்" என்றேன். "கள்ளுக்கடைக்கு எதிரே ஞானமுத்துவை நிறுத்திச் சாட்சி சொல்ல வைப்போம்!"

உபதேசியார் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "நல்ல யுத்தம் சார்" என்றார். ஞானமுத்துவிடம் கேட்டோமா? கேட்டோம். கேட்ட விதம் அப்படி. 'உனக்கு விசுவாசம் இருக்கிறதா இல்லையா' என்பது போலக் கேட்டால், இல்லை என்று எவன் சொல்வான்?

முதல் வாரமே கூட்டம் கூடிவிட்டது. பெஞ்சி மேல் ஏறி நின்றான். குரல் நடுங்கியது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. கண்ணில் நீர். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று உபதேசியார் என் காதில் சொன்னார். கடைக்குள் ஒருவர் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் பூரித்துப் போனேன். அன்றே வீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை எழுதினேன். பதினோரு வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆறு வாரம் இப்படி நடந்தது. ஏழாவது வாரம் அவன் வரவில்லை.

"எங்கய்யா உங்க பட்டாளத்துக்காரன்?" என்று கடைக்குள்ளிருந்து ஒரு குரல். "உள்ள வந்து பாருங்க, இங்கன ஒக்காந்திருந்தாலும் இருப்பான்!" என்று இன்னொரு குரல். ஒரே சிரிப்பு.

அந்த நிமிஷம் என் மனசில் முதலில் என்ன வந்தது தெரியுமா? ஐயோ, ஞானமுத்துவுக்கு என்ன ஆயிற்றோ என்பது அல்ல. 'ஐயோ, போன மாதம்தானே எழுதினேன், எல்லோரும் படித்திருப்பார்களே' என்பதுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தப் பத்திக்கு அர்த்தமே இல்லை.

பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அன்னம் வாசலில் சுளகை வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அவிய சுந்தரபாண்டியம் போயிருக்காவ. எங்க அண்ணன் தோட்டத்துக்கு."

"குடிச்சுட்டானாம்மா?"

"குடிக்காம இருக்கத்தான் சார் போயிருக்காவ." அவள் குரல் ஏறியது. "சனிக்கிழமைன்னா அவியளுக்குக் காலையிலிருந்தே சோறு எறங்காது. உங்க கூட்டம் முடிஞ்சு வந்தா தலையோட தண்ணி ஊத்திக்கிட்டு, சட்டையத் தொவச்சுப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே வருவாவ. வாசம் ஒட்டியிருக்குமாம். நான் பயந்துருவேனாம். நீங்கதான சார் அவியள அங்கன கொண்டுபோயி நிறுத்துனது?"

நான்தான். ஹார்மோனியத்தை உபதேசியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியம் போனேன். தோட்டத்தில் மாடுகளைக் கட்டிப்போட்டுவிட்டு, கிணற்றடியில் அறுந்துபோன, தண்ணீர் இறைக்கும் கமலை வடத்தை முடிந்துகொண்டிருந்தான் ஞானமுத்து. என்னைக் கண்டதும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்து நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க சார். சொல்லிட்டுத்தான் வந்திருக்கணும். சொன்னா விடமாட்டீக."

"ஏன்டா, நீ எம்புட்டு அழகாச் சாட்சி சொல்லுத? குரல் நடுங்க, கண்ணீரு வழிய..."

"அது மூச்ச அடக்கிக்கிட்டுப் பேசுனது சார்" என்றான். "கள்ளு வாடையும் கருவாட்டு வாடையும் சேந்து வருது. மூக்கால இழுத்தா நான் அவுட். வாயால செத்த செத்த மூச்சு விட்டுத்தான் பேசுதேன். கண்ணுல தண்ணி வராம என்ன செய்யும்?"

ஆறு வாரமும் நாங்கள் ஆவியானவர் என்று நினைத்தது அதுவா? உபதேசியார் விசுவாசியின் ஆயுதங்களைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்வார். தலைச்சீரா, மார்க்கவசம், கேடகம், பட்டயம்... எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலில் மூக்குக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

"போன வாரம்," என்று அவனே தொடர்ந்தான், "கூட்டம் முடிஞ்சு நீங்க பஸ்ஸுக்குப் போயிட்டீக. நான் பெஞ்சியத் தூக்குனேன். கால் தானா அங்கிட்டுப் போயிட்டு. கடை வாசல் வரைக்கும் போயிட்டேன் சார்."

"பொறவு?"

"பொய் சொல்ல மாட்டேன். ஆண்டவர் ஞாபகமும் வரல, அன்னம் ஞாபகமும் வரல. உள்ள இருந்து ஒருத்தன், 'வாங்க பிரசங்கியாரே'ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்புல ரோசம் வந்து திரும்பிட்டேன்."

கர்த்தர் அன்றைக்கு ஒரு குடிகாரரின் வாயைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். உபதேசியார் வாயையும் இல்லை, என் ஹார்மோனியத்தையும் இல்லை. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இவனைப் பற்றி அடுத்த பத்தி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடாமல் கேட்டேன். வாத்தியார் புத்தி. "பிசாசை எதிர்த்து நிக்கணும்னுதான ஞானமுத்து வேதத்துல சொல்லியிருக்கு?"

"நிக்கேனே சார். இங்கன நிக்கேன்" என்றான், வடத்தை இழுத்துப் பார்த்தபடி. "பட்டாளத்துல, பாதையில வெடி பொதைச்சிருக்குன்னு தெரிஞ்சா அதுமேல லாரிய விடச் சொல்ல மாட்டாக. சுத்திப் போகச் சொல்லுவாக. பதினஞ்சு மைலு சுத்துனாலும் சுத்துதான். கோழைன்னு யாரும் சொன்னதில்ல. லாரி வந்து சேரணும், அம்புட்டுத்தான்."

பிறகுதான் இன்னொன்றும் சொன்னான். குடியை விட்ட நாள் முதல் அவன் ஆலையிலிருந்து நேர் ரோட்டில் வீட்டுக்கு வருவதில்லையாம். கண்மாய்க் கரையைச் சுற்றி வருகிறானாம். ஒரு மைல் கூடுதல். மழையிலும் அப்படித்தான். எதிரே வருகிறவர்கள் கேட்டால், காற்று வாங்கப் போகிறேன் என்பானாம்.

யுத்தம் என்றால் அதுதான் யுத்தம். பெஞ்சி இல்லை, பாட்டு இல்லை, பார்க்க ஆளில்லை. வாரத்தில் ஐந்து நாள் அவன் அப்படிச் சுற்றி நடந்து ஜெயித்ததை, ஆறாம் நாள் நாங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கடை வாசலில் பணயம் வைத்தோம். எங்களைச் சோதனைக்குள் கொண்டுபோகாதேயும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிற வாய்தான் என்னுடையது. அவனை அதற்குள் கொண்டுபோனது பிசாசு அல்ல, ஐயா. ஹார்மோனியம் வாசிக்கிற ஒரு வாத்தியார்.

உபதேசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர். "நான் ஒருநாள்கூட அவன்கிட்ட, வெலகிப் போன்னு சொல்லிக்குடுக்கல சார்" என்றார். நேற்று மறுபடி சந்தை முனையில் பாடினோம். நாலு பேர். ஞானமுத்து சுந்தரபாண்டியத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அன்னமும் பிள்ளைகளும் கூடப் போயிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கூச்சத்தோடு கேட்டேன். "இதை எழுதட்டுமா?"

அவன் சிரித்தான். "எழுதுங்க சார். நான் வெலகிப் போக எனக்குக் கண்மாய்க் கரை இருக்கு. உங்களுக்கு எந்தப் பக்கம் பாதைன்னு அதையும் சேத்து எழுதுங்க."

வழி நெடுக யோசித்தேன். அவனுடைய கள்ளுக்கடைக்கு ஒரு இடம் உண்டு, சுற்றிப் போகலாம். என்னுடையது இந்த மேஜை, இந்தப் பேனா, உங்கள் பாராட்டுக் கடிதங்கள். இதைச் சுற்றிப் போகும் பாதை இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். பத்தி நன்றாகத்தான் வந்திருக்கிறது... அதுதான் பயமாக இருக்கிறது.