அமாவாசைக்குக் குறித்த கடல் பயணம்

பிள்ளைகளே, கன்னியாகுமரிப் பக்கம் கடலில் மூழ்கி மீன் பார்க்கப் போனோமே, அதற்கு முதலில் நாள் குறித்தவன் நான்தான். நீங்கள் இருவரும் சென்னையில் மூழ்கப் பழகியிருந்தீர்கள். அந்தக் கரைக்கு வண்டி போகாது, படகும் ஒதுங்காது. பாறைகளில் இறங்கித்தான் தண்ணீருக்குள் போக வேண்டும். நெசவாளிகளான நமக்கு அமாவாசையில்தான் தறி ஓயும். அதனால் வேறு யோசனையே இல்லாமல் அமாவாசை என்று வைத்தேன்.

உங்களைக் கடலுக்குள் கூட்டிப் போகவிருந்த மீனவரிடம் போனில் சொன்னதும் பதறிவிட்டார். "அமாவாசைக்கா? வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு நீரோட்டம் இழுக்கும், பிள்ளைகள பாறையில அடிச்சிரும். அஷ்டமிக்கு வாங்க, இழுப்பு கொறஞ்சிருக்கும்."

உங்கள் அம்மா விடவில்லை. "இன்னாங்க இது? அஷ்டமியில நாம தறியில புதுப் பாவு நூல் கூட பூட்ட மாட்டோம். புள்ளைங்கள கடல்ல இறக்கப் போறீங்களா?"

"கடல் இன்னா பாவாம்மா?" என்று பெரியவள் கேட்டதும் அம்மாவே சிரித்துவிட்டாள்.

அஷ்டமியன்று, ஓடுகிற தறியை நிறுத்திவிட்டுப் போனோம். நீங்கள் இருவரும் நனைந்த தலையோடு பாறையேறி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதுவரை நம்மைப் பார்த்தே இராத மனிதர், வருகிறோம் என்றவர்களை வேண்டாம் என்று தடுத்தாரே!

ஊர் திரும்பியபின் வந்த அமாவாசையில் தறி ஓய்ந்தது. நீங்கள் யாரும் வீட்டில் இல்லை. வழக்கம்போலத் தறிக்குக் கற்பூரம் காட்டினேன். பிறகு தட்டோடு தெற்கே திரும்பி, அந்த மீனவர் இருக்கும் திசைக்கும் ஒருமுறை காட்டினேன்.