ஞானவேல் சாரின் பத்து வருஷக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கும் தொழிலில் ஸ்க்ரூ முடுக்குவது இரண்டு மணி நேர வேலை. வாங்க வந்தவரை ‘சரி, கட்டுங்க’ என்று சொல்ல வைக்க எனக்கு ஆன அதிகபட்ச நேரம் இரண்டு வருஷம். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று வயிற்றைக் கழுவும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு டெய்லர் கடைக்கும் நடுவில் என் கடை. எல்லோருக்கும் நான் பாய். கடையில் நானும் லூர்துமேரியும்தான். நான் பேசுவேன், அவர் வேலை செய்வார்.

ஒரே ஒரு பர்மிஷன்

ஞானவேல் சாருக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. சின்ன வயசில் பிரவுசிங் சென்டரில் அடுத்தவன் கார் ரேஸ் ஆடுவதை முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே வளர்ந்தவர். நாற்பத்திரண்டு வயதில் சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்க வீட்டில் அனுமதி கிடைத்தது. அதில் அவர் மனைவி கலைச்செல்வி இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். ஒன்று, ஒரே தடவைதான். அடுத்த பத்து வருஷத்துக்கு ‘இது பழசாயிடுச்சு, மாத்தணும்’ என்ற பேச்சே வரக்கூடாது. இரண்டு, எட்டாவது படிக்கும் மகள் கயல் பத்தாவதுக்குப் போவதற்குள் வாங்கிவிட வேண்டும். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் விளையாட்டுச் சாமான் எதுவும் நுழையாது. பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் டிவிகூட போர்வை போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

ஒரே தடவை என்றதும் மனிதர் பயந்துவிட்டார். இன்றைக்கு வாங்கி, நாளைக்கே இதைவிட நல்லது வந்து தொலைத்தால்? எந்த பிராசசர், எத்தனை ஃபேன் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை அவர் படித்துக் காட்டி முடிப்பதற்குள் லூர்துமேரி வேறொருவருக்கு ஒரு கம்ப்யூட்டரே கட்டி அனுப்பிவிட்டார். “இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா சார்?” என்றேன்.

“கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ யோசிக்கல பாய். அத எங்க மாமனாரே முடிவு பண்ணிட்டாரு.”

பின்னாடி வர்ற பஸ்

விளையாட்டில் படம் துல்லியமாகத் தெரிவதற்கு கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு சாமான் உண்டு. முதல் வருஷம் அதிலேயே போனது. இந்தக் கார்டைப் போடலாம் சார் என்றால், தீபாவளிக்குப் புதுசு வருதாமே என்பார். தீபாவளிக்கு அதுவும் வந்தது. பெட்டியை எடுத்து முன்னால் வைத்தேன். தடவிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து, பொங்கலுக்கு அப்புறம் இதைவிடப் பெரியது வருகிறது என்று எவனோ ஒருவன் பேசும் வீடியோவைக் காட்டினார். அதற்குள் ரேம் விலை வேறு ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எப்பவுமே அடுத்தது ஒன்று வந்துகொண்டுதான் இருக்கும், இப்படியே நின்றால் எப்ப சார் ஊர் போய்ச் சேருவீங்க என்று கேட்டேன்.

“விழுப்புரம் பஸ்ஸுக்கு நீங்க நின்னதே இல்லியா பாய்? கும்பலா வர்றத வுட்டா, பின்னாடி வர்றது காலியா வரும்.”

சொல்தா ஐயாவின் அவசரம்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர், எண்பது வயசு இருக்கும், ஒரு நாள் காலையில் தொப்பியோடு கடைக்குள் வந்தார். பாரிசில் இருக்கும் பேரன் தன்னோடு கார் ரேஸ் ஆடக் கூப்பிடுவதாகவும், அந்தப் பொடியனை ஒரு தடவையாவது ஜெயிக்காமல் கண் மூடப் போவதில்லை என்றும் சொன்னார். ஐயா, நல்லதாகப் போட்டால் பத்து வருஷம் உழைக்கும் என்றேன். “பத்து வருஷத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? அஞ்சு வருஷத்துக்குப் போடு, சாயங்காலத்துக்குள்ள குடு” என்றார். என் தொழிலில் இவ்வளவு சீக்கிரம் முடிந்த வியாபாரம் வேறு இல்லை. எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது.

பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல ஞானவேல் சார். இதைப் பார்த்தாவது அவருக்கு ரோஷம் வரும் என்று நினைத்தேன். சொல்தா ஐயா அவர் பக்கம் திரும்பி, நீ எதுக்குப்பா உட்கார்ந்திருக்கே என்று கேட்டார். ஒன்றரை வருஷக் கதையையும் இவர் சொன்னார். ஐயா பொறுமையாகக் கேட்டார்.

“இவ்ளோ நாள் இருந்துட்ட, இன்னும் ஒரு அஞ்சு வருஷம் இரு தம்பி. என்னோடதையே எடுத்துக்கலாம்.”

நல்ல நேரம்

கயல் ஒன்பதாவது முடித்து, பத்தாவது தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஞானவேல் சார் ஓடி வந்தார். “கட்டிடுங்க பாய்!” எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாமான் எல்லாம் இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. உடனே அஷ்டமி என்றார், மறுநாள் நவமி என்றார். மூன்றாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். லூர்துமேரி எல்லாவற்றையும் பொருத்தித் தயாராக வைத்திருந்தார். ஞானவேல் சார் எலுமிச்சம்பழத்தோடு வந்து, கடிகாரத்தைப் பார்த்து, சாமி கும்பிட்டு, சுவிட்சை அழுத்தினார். அதே நொடியில் தெரு முழுக்க கரண்ட் போனது.

சகுனம் சரியில்லை, அடுத்த முகூர்த்தம் திங்கட்கிழமைதான் என்றார். பத்தாவது தொடங்குவதும் அதே திங்கட்கிழமை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எதற்கும் வாய் திறக்காத லூர்துமேரி ஸ்க்ரூடிரைவரை மேஜை மேல் வைத்துவிட்டு அன்றைக்குப் பேசினார்.

“சார், இதுக்கு ஜாதகம் வேணாம். கரண்ட் இருந்தா போதும்.”

வாசலோடு திரும்பிய பெட்டி

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் கம்ப்யூட்டர் ஆட்டோவில் ஏறியது. ஒரு மணி நேரத்தில் அதே ஆட்டோவில் திரும்பி வந்தது. கூடவே கலைச்செல்வியின் போன். “பாய், எட்டாவதுல குடுத்த பர்மிஷன் அது. இப்ப பொண்ணு பத்தாவது. பரீட்ச முடிஞ்சு ரிசல்ட் வர்ற வரைக்கும் உங்க கடையிலயே இருக்கட்டும்.” அந்தம்மா பேச்சில் ஒரு தப்பும் இல்லை. பெட்டியை வாங்கி என் பின்னால் இருந்த அலமாரியில் வைத்தேன்.

ஞானவேல் சார் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு தினமும் வருவார். ஆன் பண்ணச் சொல்வார். உள்ளே ஃபேன்கள் சிவப்பும் நீலமுமாக மின்னுவதைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்புவார். ஒரு நாள் மனசு கேட்காமல், இங்கேயே உட்கார்ந்து ஒரு ஆட்டம் போடுங்க சார், யார் கேட்கப் போறாங்க என்றேன். பொண்ணு அங்கே கண் விழித்துப் படிக்கும்போது தான் இங்கே விளையாடினால் நன்றாக இருக்காது என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அன்றைக்கே போய்விட்டது. அப்புறம் ஏன் சார் தினமும் வந்து பார்த்துத் தவிக்கிறீங்க என்று கேட்டேன்.

“பீச்சுல அத்தினி பேரு கடலப் பாத்துட்டு வூட்டுக்குப் போறாங்க. எறங்கி நீந்தவா செய்யறாங்க பாய்?”

பத்தாவது பாஸ்

ரிசல்ட் வந்தது. கயல் நல்ல மார்க். மூன்று பேரும் கேசரியோடு கடைக்கு வந்தார்கள். ஞானவேல் சார் மாப்பிள்ளை மாதிரி புதுச் சட்டையில் இருந்தார். நான் கம்ப்யூட்டரை இறக்கித் துடைத்து மேஜை மேல் வைத்தேன். கலைச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பாய், கயல் ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்குது. காலேஜ் முடிக்கிற வரைக்கும் வர்ற மாதிரி ஒண்ணு வேணும்னு இவரக் கேட்டேன். இவரு வாங்கினதே பத்து வருஷம் வருமாமே? அப்புறம் புதுசு எதுக்கு? கேம் எல்லாத்தையும் அழிச்சிட்டுக் குடுங்க.” கயல் அதற்குள் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு வருஷம் காத்திருந்து, ஒரு வருஷம் விளக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவரோ, “பொண்ணுக்குத்தானே பாய், சந்தோஷந்தான்” என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் கண் மட்டும் கீபோர்டை விட்டு நகரவில்லை. மனைவியும் மகளும் ஆட்டோ பிடிக்க வெளியே போனார்கள். அழிக்கிற பட்டன் மேல் லூர்துமேரி விரலை வைத்தார். ஞானவேல் சார் கவுன்ட்டரைத் தாண்டி எட்டி, அவர் கையைத் தடுத்தார்.

“அந்த கார் ரேஸ மட்டும் ‘எங்க கல்யாண வீடியோ’ன்னு பேர் போட்டு உள்ள வச்சிடுங்கம்மா. அத எங்க வூட்ல யாரும் தொறந்து பாத்ததே இல்ல.”

காலம் பார்த்துக் கட்டினால் கம்ப்யூட்டர் பத்து வருஷம் உழைக்கும் என்று எந்தக் கடைக்காரனும் தைரியமாகச் சொல்லலாம், யாருக்கு உழைக்கும் என்று மட்டும் வாயைத் திறக்கக்கூடாது.