குடிக்காமல் அடித்த பம்பை

பழனிமுத்து பம்பை அடித்தால் தேவனூர் நாட்டில் நின்ற இடத்தில் நிற்கிற ஆள் கிடையாது. அவன் குடியும் அதே அளவுக்குப் பேர்போனது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்கள் ஊருக்குத் தெரியாது. கோயில் நோம்பிக்கு அவனை அழைக்கும்போது வெற்றிலை பாக்குத் தட்டில் ஒரு பாட்டிலையும் வைத்துத்தான் நீட்டுவார்கள். சரக்கு உள்ளே போனால்தான் கை பேசுமாம். கை அவனுடையது, பெருமை பாட்டிலுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் குடி தாங்காமல்தான் அவன் மனைவி விஜயா எங்கள் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகே அவன் குடியை விட்டான். உடம்பு நடுங்கிச் சோறு இறங்காமல் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரனான நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடக் குடித்தவர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நடுக்கம் நின்றதும் அவளுக்குப் போன் போட்டான்.

“ஆடி நோம்பி வருதுங்க. அதுல குடிக்காம நின்னு காட்டுங்க. முடிஞ்சதும் வாரேன்,” என்றாள்.

தனி ஆளாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். பேச ஆளில்லாமல் என் நாயிடம் பேசிக்கொண்டிருந்தான். பாவமாக இருக்கும்.

நோம்பியன்று கோயில் தலைவர் சுப்பண்ணன் தட்டை நீட்டினார். வெற்றிலையை எடுத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான்.

“இதில்லாம சாமி எறங்குமாடா?”

“எறங்கலைன்னா என்னைய வையுங்க.”

காலையிலிருந்து நான் அவனை விட்டு நகரவில்லை. முதலில் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு பிடித்தான் பாருங்கள், பெண்களுக்கு வரிசையாக அருள் வந்தது. சுப்பண்ணனே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

முடிந்ததும் சுப்பண்ணன் அவன் முதுகில் தட்டினார். “எங்கயோ மறைவா ஊத்திக்கிட்டு வந்துட்டயே, திருட்டுப் பயலே!”

“இல்லீங்க. வேணும்னா ஊதிக் காட்டறேன்,” என்று ஒவ்வொருவரிடமும் போனான். சிரித்தார்களே தவிர, ஒருவரும் முகத்தைக் கிட்டே கொண்டுவரவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அன்னாசிப் பழத்தோடு சேதியும் மலையிறங்கியது: முத்து பழையபடி ஆயிட்டான்.

அது தெரியாமல், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளுக்குப் போன் போட்டான்.

“நோம்பியில நல்லா அடிச்சீங்களாமா?”

“ஆமா விஜயா. அப்படி ஒரு நாளும் அடிச்சதில்ல!” அவன் முகம் மலர்ந்திருந்தது.

“அப்ப நான் வரலீங்க.”

நான் போனைப் பிடுங்கினேன். “சொட்டுக்கூடத் தொடல கண்ணு. நான் கூடவே இருந்தேன்.”

“நீங்களுமா பொய் சொல்றீங்கண்ணா? எப்ப அவரு கை அப்படிப் பேசும்னு எனக்குத் தெரியாதுங்களா?” வைத்துவிட்டாள்.

பழனிமுத்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான். பிறகு கேட்டான்.

“கொஞ்சம் மோசமா அடிச்சிருந்தா வந்திருப்பாளாண்ணா?”

வந்திருப்பாள். அதை அவனிடம் எந்த வாயால் சொல்வேன்?