ஏழாவது தட்டின் உறை

காலை எட்டு மணி இருபது நிமிடம். மரக்காணம் பேருந்து நிறுத்தத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு பை. பிறகுதான் அதைப் பிடித்திருந்தவரைப் பார்த்தேன். உப்பு மூட்டைச் சாக்கை வெட்டி, பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு உறை சிக்காமல் நுழையும் அளவுக்குத் தைத்த சதுரப் பை. வளையாமலிருக்க உள்ளே இரண்டு பக்கமும் அட்டை. என் நண்பர் தன் உப்பளத்தில் மூட்டை தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டது. என் தோளில் இருந்தது, நாளிதழில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்ற அன்று கொடுத்த பை. அதில் இசைத்தட்டு பாதிதான் நுழையும், மீதி வெளியே நீட்டிக்கொண்டு வரும். எனக்கும் ஒன்று தைத்துத் தரச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பயணத்திலும் நினைப்பேன். ஆறு வருடமாகச் சொல்லவில்லை.

அவருக்கு உப்பளம் குத்தகைக்கு இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கி அளத்தில் வேலை நின்ற பிறகுதான் சனிக்கிழமைகள் அவருக்கு ஓய்வு. அப்போது இருவரும் பழைய இசைத்தட்டு வாங்கக் கிளம்புவோம். சென்னையில் இரண்டு கடை, புதுச்சேரியில் ஒன்று, பெரிய முதலியார்சாவடியில் ஒன்று. கடைசியாகச் சொன்னது ஒரு வீட்டின் முன்னறை. நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஊரைவிட்டுப் போகும் வெளிநாட்டுக்காரர்களும், தொழிலை மூடிய சவுண்ட் சர்வீஸ்காரர்களும் போட்டுவிட்டுப் போனவை அங்கே வரும்.

தட்டு வாங்கும் விஷயத்தில் அவரிடம் எனக்குப் பிடிக்காத திறமை ஒன்று உண்டு. தட்டை உறையிலிருந்து எடுப்பார், கண் மட்டத்துக்குக் கொண்டுவருவார், ஓரத்தை ஜன்னல் பக்கம் காட்டி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். எங்கே வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். உப்புப் பாத்தியின் தரை சமமாக மிதிபட்டிருக்கிறதா, தண்ணீர் எல்லா மூலையிலும் ஒரே அளவு நிற்கிறதா என்று குனிந்து பார்த்தே பழகிய கண். நான் முப்பத்து நான்கு வருடம் எழுத்துப்பிழை பார்த்தவன். ஆனால் தட்டு வளைந்திருப்பது வீட்டுக்கு வந்து முள்ளை வைத்து, அது படகு போல ஏறி இறங்கும்போதுதான் எனக்குத் தெரியும்.

இன்னும் இருக்கிறது. அளம் அவருடையது, உப்புக் காற்று எங்கள் வீட்டுக்கு. அவர் வீடு சாலைக்கு மேற்கே, காற்று நேராக வராத இடத்தில். என் வீடு பாத்திகளைப் பார்த்த மாதிரி. என் டர்ன்டேபிளின் திருகாணிகளை வருடம் ஒரு முறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறும். அவருடையது வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே இருக்கிறது. அவர் வீட்டில் ஞாயிறு காலை பாட்டுக் கேட்க நாலைந்து பேர் வருவார்கள். என் மனைவியும் போவாள். ஒருநாள் திரும்பி வந்து, நான் கேட்காமலே சொன்னாள்: “அவரு வீட்ல கேட்டா ஆள் பக்கத்துல வந்து ஒக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குது. நம்ம வீட்ல கேட்டா பக்கத்துத் தெருவுல வாசிக்கிற மாதிரி இருக்குது.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு தேடல் இருந்தது. எப்போதோ மூடப்பட்ட ஒரு சிறிய கம்பெனி, கோயில் நாதஸ்வரத்தைப் பன்னிரண்டு தட்டுகளாக வெளியிட்டிருந்தது. உறையின் மேல் மூலையில் எண் இருக்கும். அவரிடம் பதினொன்று. என்னிடமும் பதினொன்று. இருவரிடமும் இல்லாதது ஏழாவது. ஒரு பக்கம் முழுக்கச் சண்முகப்ரியா. அவரிடம் இல்லாத எதுவும் என்னிடம் இருந்ததில்லை. ஏழாவது கிடைத்தால் ஒன்றாவது இருக்கும். நான் அந்தத் தட்டைத் தேடியதற்கு ராகத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று இப்போது எழுதுவதில் கூச்சமில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பேருந்தில் வரும்போது அவர்தான் ஒரு ஏற்பாடு சொன்னார். அளத்தில் பருவம் தொடங்கும்போது எந்தப் பாத்தி எந்தக் குடும்பத்துக்கு என்று சீட்டுப் போடுவார்கள். நல்ல பாத்தியும் உண்டு, மட்டமான பாத்தியும் உண்டு. யாரும் சண்டை போடக் கூடாது என்பதற்காக. அதே மாதிரி, ஏழாவது யார் கண்ணில் பட்டாலும் உடனே மற்றவரிடம் சொல்ல வேண்டும். சீட்டுப் போட்டு, விழுந்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சரி என்றேன். சரி என்றபோதே, சீட்டு அவருக்குத்தான் விழும் என்று எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்த சனிக்கிழமை பேருந்தில் கூட்டமில்லை. நடத்துநர் சாக்குப் பையைத் தட்டிப் பார்த்தார்.

“என்ன முதலாளி, அப்பள யாவாரமா?”

“ஆமாம்பா, கறுப்பு அப்பளம். பொரிச்சா பாடும்.”

நடத்துநர் சிரித்தார். என் பையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பெரிய முதலியார்சாவடியில் இறங்கி டீ குடித்து, கடை திறக்கும்வரை காத்திருந்தோம். அங்கேயும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் சுவர் அலமாரிகள், மற்றவர் தரையில் இருக்கும் பெட்டிகள். ஒரு மணி நேரம் கழித்து இடம் மாற்றிக்கொள்வோம். அன்று அவர் அலமாரிப் பக்கம் போனார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

மூன்றாவது பெட்டியில், ஒரு சவுண்ட் சர்வீஸின் ரப்பர் முத்திரை குத்திய தட்டுகளுக்கு நடுவில், அது இருந்தது. மஞ்சள் உறை. மேல் மூலையில் ஏழு. உறையின் அடி ஓரம் செல்லரித்திருந்தது. தட்டை வெளியே எடுத்தேன். முடி அளவுக் கீறல்கள் இரண்டு, வேறொன்றுமில்லை. மணி பத்து ஐந்து. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு எட்டடி தள்ளி நின்றிருந்தார்.

கூப்பிட வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். அப்போது அவர் ஏதோ ஒரு தட்டைக் கண் மட்டத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு திருட்டுத்தனம் உண்டு. இன்று எடுக்க முடியாததை, யாரும் தொடாத ஏதாவது ஒரு உறைக்குள் மாற்றிவைத்துவிட்டுப் போவது; பிறகு தனியாக வந்து எடுத்துக்கொள்வது. அடுத்த பெட்டியில் புரியாத ஐரோப்பிய மொழியில் எழுதிய உறை ஒன்று இருந்தது. படத்தில் ஒரு பாலம், வேறொன்றுமில்லை. இதை யார் வாங்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதன் தட்டை எடுத்து மஞ்சள் உறையிலும், ஏழாவதைப் பால உறையிலும் போட்டேன். எடுத்த தட்டின் நடுவில் பச்சை நிற லேபிள். அந்தப் பச்சையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. யோசிக்க நேரமில்லை. மஞ்சள் உறையைப் பெட்டியின் அடியில் படுக்கவைத்து, மேலே கிறிஸ்துமஸ் பாட்டுகளை அடுக்கினேன். பால உறையை இருந்த இடத்திலேயே வைத்தேன். செவ்வாய்க்கிழமை வரலாம் என்று முடிவு செய்தேன்.

பதினொரு மணிக்கு இடம் மாறினோம். பத்து நிமிடம் கழித்து அவர் தரையிலிருந்து எழுந்து நின்றார். கையில் பாலம்.

“சார், இங்க பாருங்களேன். ரயிலு.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விளக்கினார். அவர் வீட்டில் நீராவி இன்ஜின் சத்தங்களைப் பதிவு செய்த தட்டு ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரைச் சோதிக்க முதலில் அதைத்தான் போடுவார். ஒரு ரயில் இடது பக்கமிருந்து வலது பக்கம் போகும். நானே முப்பது தடவை கேட்டிருக்கிறேன். அவர் அதை உறையில்லாமல் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். பச்சை லேபிள். அதன் எண் அவருக்கு மனப்பாடம். உறையின் முதுகில் அதே எண். எழுத்தைப் பார்த்தே வாழ்ந்தவன் நான். படத்தைப் பார்த்தேன், மொழியைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை.

வெளியே எடுத்துப் பார்க்காமல் அவர் எந்தத் தட்டையும் வாங்கி நான் கண்டதில்லை. அன்று மட்டும் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது உறை. தட்டுதான் வீட்டில் இருக்கிறதே. கடைக்காரப் பெண்மணி உறையில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டார். சாக்குப் பை திறந்தது, மூடியது. நான் கல்லாவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். எந்த வாக்கியம் சொன்னாலும் அது என்னைக் காட்டிக்கொடுக்கும்.

திரும்பும் பேருந்தில் பை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஜன்னலில் சாரல் அடித்தது. கூனிமேடு தாண்டியதும் நான் ஒரு தந்திரம் செய்தேன். அது தந்திரம் என்று அப்போது நினைத்தேன்.

“உங்ககிட்டதான் ரயில் தட்டு இருக்குதே. உள்ள இருக்கிற தட்ட எனக்குக் குடுத்துடுங்களேன். உறைய நீங்க வச்சுக்குங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ரயில் சத்தம் உங்களுக்கு எதுக்கு சார்? போட்டாலே ஆஃப் பண்ணச் சொல்வீங்க.”

“ஸ்பீக்கர் பாக்கறதுக்குத்தான்.”

“அப்ப சரி. வீட்டுக்குப் போயி ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு, எது சுமாரோ அத உங்களுக்குத் தர்றேன்.”

சொன்னபடி செய்கிறவர். மாலை நாலு பத்துக்கு என் போன் அடித்தது. கேட்கும் முன்பே எனக்குத் தெரியும். ஏழாவது கிடைத்துவிட்டது என்றார். ரயில் உறைக்குள் இருந்தது என்றார். இன்னும் முள்ளை வைக்கவில்லை, நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் வாருங்கள், சீட்டுப் போட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் போன் செய்திருப்பேனா என்று யோசித்தபடி சட்டை மாட்டினேன். அவர் இடத்தில் நான் காலையிலேயே இருந்தேன்.

போனபோது தட்டு ஒரு துண்டின் மேல் இருந்தது. அவர் காபி கொடுத்தார். யாரோ உறையை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று என் மனைவியிடம் கதை முழுவதும் சொன்னார்.

“எந்த மடையன் மாத்தி வச்சானோ தெரியல. அவன் மட்டும் கெடைச்சா மால போடணும்.”

“பெட்டியக் கிளறிட்டு அப்படியே போட்டுட்டுப் போற ஆளுங்கதான்” என்றாள் என் மனைவி.

“எங்க சார் மாதிரி ஒழுங்கா அடுக்கறவங்க எத்தன பேரு?” என்றார் அவர். நான் காபியைக் குடித்தேன்.

இரண்டு துண்டுக் காகிதம். ஒன்றில் தனக்கு உப்பு என்று எழுதினார், ஒன்றில் எனக்குப் பேப்பர் என்று எழுதினார். மடித்து ஒரு டம்ளரில் போட்டு, குலுக்கி, என் மனைவியிடம் நீட்டினார். எங்கள் தரப்பில் ஒருவர் எடுப்பதுதான் நியாயம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவள் கண்ணை மூடி எடுத்தாள். பிரித்துப் படித்தாள். உப்பு.

முள்ளை வைத்தார். சண்முகப்ரியா இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. வாசிப்பவர் மூச்சு எடுப்பது கேட்டது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். என் மனைவி நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டாள். நான் தட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது வளைந்து முள் ஏறி இறங்காதா என்று பார்த்தேன். தட்டு பாத்தித் தண்ணீர் போலச் சமமாகச் சுற்றியது.

முடிந்ததும் அவர் சொன்னார், வந்து எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், இது உங்களுடையதும்தான் என்று. அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பிறகு தட்டை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார்.

“ஒண்ணுதான் சார் கொற. உறையில்லாம இருக்குது. பதினோரு உறைக்கு நடுவுல இது மட்டும் பேப்பர்ல. அதுவும் அங்கதான் எங்கயாவது கெடக்கும், தேடுவோம்.”

செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். மழை பெய்தது. மஞ்சள் உறை கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு அடியில் வைத்த இடத்தில் இருந்தது. உள்ளே ரயில். கடைக்காரப் பெண்மணி போனில் பேசிக்கொண்டே பில் போட்டார். உறையின் எண்ணை அவர் பார்க்கவில்லை. உறை நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

அதன்பின் நாலு சனிக்கிழமை போயிருக்கிறோம். பெரிய முதலியார்சாவடிக் கடையில் ஒவ்வொரு பெட்டியையும் அவர் அடிவரை எடுத்துப் பார்க்கிறார். போன வாரம் எனக்கு ஒரு சாக்குப் பை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்டிருக்கவில்லை.

மஞ்சள் உறை என் பீரோவில், நாளிதழ் நறுக்குகள் வைத்த கோப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நடந்தால் பதினோரு நிமிடம்.